பூ மார்க்கெட்டில் கெட்டிமேளம்

கண்ணு,

நெற்றியில் போட்ட தையலைப் பிரித்தாயிற்றா? பெங்களூரிலேயே பிரித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாய். பிரித்த பிறகு சில நாள் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். அடுத்த மாதம் உன் கல்யாணப் போட்டோவில் தழும்பு தெரியுமே என்று உன் அம்மாவுக்குக் கவலை. மேக்கப் போடுகிற பெண் அதையெல்லாம் மறைத்துவிடுவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நம் குடும்பத்துக்கு இப்போது எதையும் மறைத்துத் தர ஆட்கள் கிடைக்கிறார்கள். அந்த விஷயத்தில் நமக்கு ஒரு குறையும் இல்லை.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் மீட்டிங் என்கிறாய். வாட்ஸப்பில் அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. அது ஒரு காரணம். பூ மார்க்கெட்டில் நடந்ததை ஊரில் எல்லோரும் ஒரே மாதிரி, அதாவது தப்பாக, பேசிக்கொண்டிருப்பது இன்னொரு காரணம். அதைச் சரியாகத் தெரிந்தவர்கள் ஐந்து பேர். நீ, நான், உன் அம்மாவின் அண்ணனான உன் மாமன், மாமன் மகள் தாரணி, கை முறிந்து கிடக்கிற சாமுவேல். இந்த ஐந்து பேரில் ஒருவர்கூட இதுவரை வாயைத் திறக்கவில்லை. நம் பக்கத்து மரியாதை அப்படி.

எனக்குச் சங்கீதம் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் வெட் கிரைண்டர் விற்றவன். என் காதில் நாள் முழுக்க ஒரே சுருதிதான் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்கு மேல்மாடியில் நீ வயலின் பழகிய வருஷங்களில், கீழே வந்தவர்கள் காதைச் சாய்த்துக்கொண்டு, இந்த மாடல் ஓட்டினால் இப்படித்தான் சத்தம் வருமா என்று கேட்டிருக்கிறார்கள். உன்னால் எனக்குச் சில வியாபாரம் போயிற்று. போகட்டும் என்றுதான் இருந்தேன். அப்புறம் நீ நன்றாக வாசிக்க ஆரம்பித்தாய். அதனாலும் வியாபாரம் போயிற்று. வந்தவர்கள் கிரைண்டரைப் பார்க்காமல் மாடியைப் பார்த்தார்கள்.

பிறகு இந்தச் சொல்லாமல் வாசிக்கிற கச்சேரி. நீ, தவிலுக்குச் சாமுவேல், நாதஸ்வரத்துக்குப் பாலக்காட்டிலிருந்து அந்தப் பெண். மூன்று பேரும் மற்ற சனத்தைப் போலவே ஒரு இடத்துக்குப் போய் நிற்பது, திடீரென்று உறையிலிருந்து எடுத்து வாசிக்க ஆரம்பிப்பது. அறிவித்து நடத்துகிற கச்சேரிக்கு யாரும் வருவதில்லை, அறிவிக்காமல் நடத்தினால் யாரும் தப்பிக்க முடிவதில்லை என்று நான் அதைப் புரிந்துகொண்டேன். நீ வேறு விளக்கம் சொன்னாய். சபாவுக்குள் பூட்டி வைத்ததைத் தெருவுக்குக் கொண்டுவருகிறோம், காய்கறிப் பையோடு நிற்கிறவரும் ஒரு நிமிஷம் மனசு இளகட்டும் என்றாய். அப்போது உன் முகம் நன்றாக இருந்தது. அதனால் நான் எதிர்த்துப் பேசவில்லை.

ஆனால் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் நீங்கள் வாசித்த அன்று நான் ஒரு தூண் ஓரமாக நின்றிருந்தேன் என்பது உனக்குத் தெரியாது. கூட்டம் கூடியதில் ஒரு தனியார் பஸ் கிளம்ப முடியவில்லை. பின்னால் வந்த பஸ் அதன் நேரத்தையும் ஆட்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. இரண்டு கண்டக்டர்களும் மோதிக்கொண்டார்கள். ஒருவர் மற்றவரின் டிக்கெட் பை வாரைக் கழுத்தோடு சேர்த்து முறுக்கினார். முறுக்கப்பட்டவர் வாயிலிருந்து ஒரு பல்லைத் துப்பிவிட்டு, வாரைப் பிடித்திருந்தவரின் மணிக்கட்டைக் கடித்தார். சாமுவேல் தனி ஆவர்த்தனம் முடிக்கிற வரைக்கும் அவர்களும் முடிக்கவில்லை. பிறகு நீ காட்டிய வீடியோவில் சனம் கை தட்டுவது நன்றாகத் தெரிகிறது. அதில் பாதிப் பேர் முகத்தை எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார்கள் என்று நீ கவனிக்கவில்லை. மாலில் நடந்ததும் இப்படித்தான். செக்யூரிட்டிக்காரர்கள் இருவர் அந்தப் பாலக்காட்டுப் பெண்ணை முழங்கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போனபோது, அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கீழ்த்தளத்தில் எல்லோரும் விசிலடித்தார்கள். சங்கீதம் மனிதனை இளக்கும் என்று நீ நம்புகிறாய். நான் பார்த்த வரைக்கும் அது மனிதர்களை ஓரிடத்தில் நிறுத்துகிறது. நின்ற பிறகு என்ன நடக்கும் என்பது அவரவர் கைக்கு என்ன எட்டுகிறது என்பதைப் பொறுத்தது.

இனி உன் மாமனைப் பற்றி. உனக்கு அவரைத் தெரியும் என்றாலும் படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். தோட்டம் இருக்கிறது, நூல் மில்லில் பங்கு இருக்கிறது. குரலை உயர்த்த மாட்டார். நாய்க்குக்கூட ‘ங்க’ போட்டுப் பேசுவார். என் கல்யாணத்தன்று சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது என்று சமையல்காரரை அழைத்து, ‘கொஞ்சம் இப்பிடித் திரும்புங்க’ என்று சொல்லி, அவர் திரும்பியதும் அறைந்தார். அறைந்துவிட்டு, சாப்பிட்டீங்களா என்று கேட்டார். உறவில் எந்தக் கல்யாணமானாலும் தாலி கட்டுகிற நேரத்தில் விரலை உயர்த்திக் கெட்டிமேளத்துக்குச் சைகை காட்டுவது அவர்தான். யாரும் நியமித்ததில்லை. அவர் இருக்கிற மண்டபத்தில் வேறு யாருக்கும் அந்த விரல் எழுந்ததில்லை, அவ்வளவுதான். ஒரு முறை தவில்காரர் சைகைக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார் என்று, மேடையை விட்டு இறங்கி வந்து அவர் காலை மிதித்துக்கொண்டு நின்றார், முடிகிற வரைக்கும். தவில்காரரும் வாசித்துக்கொண்டே இருந்தார். எல்லோரும் அட்சதை போட்டோம்.

நம்மவர்களுக்குக் கெட்டிமேளம் காதில் விழுந்தால் கை தானாக எழும். என்ன நடக்கிறது என்று பார்க்கிறதற்கு முன்பே கையில் இருப்பதைத் தூவிவிடுவோம். பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் வாசல் பக்கம் திரும்பித் தூவுவோம். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். பூ மார்க்கெட்டில், பூ வியாபாரிகளுக்கு நடுவில், ஒரு கெட்டிமேளம் வாசித்தால் என்ன ஆகும் என்று யோசித்தாய். போனில் சொல்லும்போது உனக்கு மூச்சு வாங்கியது. மார்க்கெட் மொத்தமும் பூவாகக் கொட்டும் அப்பா என்றாய். நல்ல யோசனைதான். இப்போதும் அதை நல்ல யோசனை என்றுதான் நினைக்கிறேன். கல்யாண மாலைக்கு அட்வான்ஸ் கொடுக்கிற சாக்கில் என்னைக் காலையிலேயே அங்கே வரச் சொன்னாய். மாலை விஷயம் தாய்மாமன் இல்லாமல் பேசக் கூடாதே என்று நான் உன் மாமனையும் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் பிக்கப்பில், டிரைவரோடும் தோட்டத்து ஆள் ஒருவரோடும் வந்தார். தாரணியை நீ கச்சேரி பார்க்கக் கூப்பிட்டிருந்தது எனக்குத் தெரியாது. அவள் காலேஜ் ஹாஸ்டலில் இருப்பதாக மாமன் நினைத்துக்கொண்டிருந்தார்.

மல்லிகைக் குவியல்களுக்கு நடுவிலிருந்து நீ மோகனம் ஆரம்பித்தாய். விலை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கேட்பதை நிறுத்தினார்கள். சம்பங்கி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். நாதஸ்வரம் மாலைக் கடை வரிசையிலிருந்து வந்து சேர்ந்தது, தவில் லாரிப் பக்கத்திலிருந்து வந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எங்கேயாவது உட்கார்ந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. உன் மாமன்கூடத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ‘மாப்ளே, பையன் தேறீட்டானுங்க’ என்றார். மாலைக் கடை அம்மா ஒருவர் சந்தோஷத்தில் ஒரு ரோஜா மாலையை எடுத்துச் சாமுவேல் கழுத்தில் போட்டார். பக்கத்தில் அவனுடைய தவில் உறையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணைப் பார்த்து, உனக்கு மட்டும் எதுக்கு இல்லை என்று அவளுக்கும் ஒன்றைப் போட்டார். அந்தப் பெண் தாரணி. அந்த நேரம் பார்த்து நீ கண்ணைக் காட்டினாய். கெட்டிமேளம் விழுந்தது.

நீ சொன்னபடியே நடந்தது. ஒரு கை பாக்கியில்லாமல் எழுந்தது. உதிரிப்பூ, செவ்வந்தி, துளசி, எது கிடைத்ததோ அது. ஒரு பெரியவர் முழுக் கூடையையே கவிழ்த்தார். எல்லாம் மாலையும் கழுத்துமாக நின்ற அந்த இருவர்மேல் விழுந்தது. நானும் தூவினேன். தூவிவிட்டுத்தான் பார்த்தேன். உன் மாமன் தூவவில்லை. அவர் தன் வலது கை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது எழவில்லையே, பிறகு எப்படி என்பது போல.

வீடியோ இதுவரைக்கும் இருக்கிறது. யாரோ எடுத்துப் போட்டு, எங்கெங்கோ இருக்கிறவர்களெல்லாம் பார்த்து, கண்ணில் நீர் வந்துவிட்டது என்று எழுதுகிறார்கள். பூ கொட்டுகிற இடத்தோடு அது முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் யாரும் எடுக்கவில்லை. ஓடுவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. அதனால் மிச்சத்தை நான் எழுத வேண்டியிருக்கிறது.

மாமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போனேன். நீ நாலடி தள்ளி வில்லைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாய். வாசிப்பு நின்றுவிட்டிருந்தது. பாலக்காட்டுப் பெண் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாள், மற்றவர்கள் இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்றதால் பேசியது எல்லாம் எனக்குக் கேட்டது, உனக்கும் கேட்டது.

‘ஏனுங்க தம்பி, நல்லா அடிக்கறீங்க. எந்த ஊருங்க?’ என்றார் மாமன்.

கோபி பக்கம் என்று சொல்லி, சாமுவேல் ஊரின் பெயரையும் சொன்னான்.

‘ஊருக்குள்ளீங்களா, காலனீங்களா?’

‘காலனிங்க.’

பையன் யோசிக்காமல் சொன்னான். அவன் அப்பா தென்னந்தோப்புகளில் கூலிக்குப் போனவர், இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு, மற்ற நாளில் தவில் என்று வளர்ந்தவன். கேட்டதற்குப் பதில் சொன்னான். தாரணிக்குத்தான் அந்தக் கேள்வி எதற்கு என்று புரிந்தது. அவள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். ‘அப்பா, இது கச்சேரிங்கப்பா. கண்ணாலமெல்லாம் இல்லீங்க. மாலை அந்தக்கா சும்மா போட்டுட்டாங்க’ என்றாள்.

‘தெரியுது அம்மணி’ என்றார் உன் மாமன். ‘நீ அக்கட்டால நில்லு.’

சொல்லிவிட்டு, பக்கத்துக் கடையில் சாத்தி வைத்திருந்த ஷட்டர் இழுக்கிற கொக்கிக் கம்பியை எடுத்தார். அவசரமில்லாமல் எடுத்தார். சாமுவேல் கம்பியைப் பார்த்ததும் தவிலின் மேல் கவிழ்ந்துகொண்டான். அவனுக்கு அதுதான் பயமாக இருந்திருக்கிறது, தோலில் பட்டுவிடுமே என்று. தவிலைச் சுற்றியிருந்த வலது கையின் மணிக்கட்டில் முதல் அடி விழுந்தது. தவில் வாசிக்க விரல்களில் மாட்டியிருந்த கூடுகள் தெறித்துப் பூவுக்குள் விழுந்தன. கையை எடுப்பதற்குள் அதே இடத்தில் இரண்டாவது அடி. அப்போது கேட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. நீ குறுக்கே பாய்ந்தாய். அதை நான் மறக்க மாட்டேன், கண்ணு. வயலினைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்தாய். மூன்றாவது உன் நெற்றியில் இறங்கியது. அதற்குள் பிக்கப் டிரைவர் உன் வயலின்மேல் ஏறி நின்றிருந்தான். தோட்டத்து ஆள் சாமுவேலை முடியைப் பிடித்து இழுத்துக் காலால் உதைத்துக்கொண்டிருந்தான். மாலை போட்ட அம்மா பூவுக்குத் தெளிக்கிற வாளியைத் தண்ணீரோடு டிரைவர் முகத்தில் வீசினார். அவன் திரும்பியதும் தான் உட்காருகிற முக்காலியால் காதோடு சேர்த்து அடித்தார். காது பாதி தொங்கியது. மூட்டை இறக்குகிறவர்கள் பிக்கப்பின் முன் கண்ணாடியை நொறுக்கி, தோட்டத்து ஆளை ஈரச் சாக்கில் சுற்றி, மேலே ஏறி மிதித்தார்கள். யார் யாரை எதற்கு அடிக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை, ஆனாலும் யாரும் குறை வைக்கவில்லை.

உன் மாமனை மட்டும் யாரும் தொடவில்லை. வெள்ளைச் சட்டை, கையில் சாவி. கம்பியை எடுத்த இடத்திலேயே சாத்தி வைத்துவிட்டு, தாரணியைப் பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். வழி விட்டார்கள். அவள் கழுத்தில் மாலை இருந்தது. நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பாய். சம்பங்கி மூட்டைமேல் விழுந்து கிடந்தேன். யாரோ தள்ளினார்கள் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். யாரும் தள்ளாமலேயே விழுந்திருக்கவும் கூடும்.

ஆஸ்பத்திரியில் உன் நெற்றியிலிருந்தும் அவன் கையிலிருந்தும் ஒட்டிக்கொண்டிருந்த ரோஜா இதழ்களை நர்ஸ் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். எங்கீங்க போயிருந்தீங்க, கோயிலுக்கா என்று கேட்டார். ஸ்டேஷனிலிருந்து வந்தவர் முதலில் சாமுவேலைக் கேட்டார். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருத்தர் என்று மட்டும் சொன்னான். அவனுக்குத் தெரியாமலா? அவன் கண் முன்னால்தானே தாரணி அப்பா என்று கூப்பிட்டாள்? தாரணி உனக்கு யார் என்பதும் அவனுக்குத் தெரியும். உன் வீட்டு விஷயம், நீ சொல்லட்டும் என்று விட்டுவிட்டான். பிறகு உன்னைக் கேட்டார்கள். கட்டில் தலைமாட்டில் உன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கையைக் கூப்பியிருந்தாள். நீ அவளைப் பார்த்தாய். கூட்டமா இருந்துதுங்க, ஆருன்னு பாக்கலீங்க என்றாய். அடுத்த கட்டிலில் சாமுவேல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அப்புறம் என்னைக் கேட்டார்கள். பையன் சொன்னதுதானுங்க என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள், அடையாளம் தெரியாத நபர்கள் என்று.

அதற்கு அடுத்த வாரம் உன் மாமன் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். கண் கலங்கியிருந்தார். அது நடிப்பில்லை. உன்மேல் பட்டது அவருக்கு உண்மையிலேயே தாங்கவில்லை. தப்பாக நினைத்துவிட்டேன், கல்யாணமென்று நினைத்துக் கண் மண் தெரியாமல் செய்துவிட்டேன் என்று உன் அம்மாவிடம் சொன்னார். இப்போது ஊர் பேசுவது அதைத்தான். பாவம், பெத்தவன், பதறிப்போயிட்டான். அவர் செருப்பு மாட்டுகிற இடத்தில் நான் மெதுவாகக் கேட்டேன், தாரணி சொன்ன பிறகுதானே மச்சான் கம்பியை எடுத்தீர்கள் என்று. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குழந்தைக்கு விளக்குவது போலச் சொன்னார்: ‘ஊரே பூப் போட்டுருச்சுங்களே மாப்ளே. நெசமா இருந்தா என்ன, இல்லீன்னா என்ன?’ பிறகு வாசலில் நின்று, ‘கை ஒடைஞ்சது ஒடைஞ்சு போச்சு. பையன் கண்ணாலம் ஒடையாமப் பாத்துக்குங்க’ என்றார். தாய்மாமன் சீர் இல்லாமல் நம்மில் மாப்பிள்ளை மணவறையில் உட்கார முடியாது. அவர் மிரட்டவில்லை. மரியாதையாக ஞாபகப்படுத்தினார். தாரணியைக் காலேஜை விட்டு நிறுத்தி, அவளுடைய பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். போன் இல்லை. கன்னத்தில் வீக்கம் இன்னும் வற்றவில்லை என்று கேள்வி. சாமுவேலோடு அவள் அதுவரை பேசிய பேச்சு, தவில் உறையை எங்கே வைக்கட்டும் என்பதுதான்.

சென்னிமலையிலிருந்து உனக்குப் பார்த்திருக்கிற பெண் எனக்குப் போன் செய்தாள். பெட்ஷீட் கடையில் கணக்குப் பார்க்கிற பெண், சுற்றி வளைக்கவில்லை. ‘மாமா, அவரு நெசமாவே பாக்கலீங்களா?’ என்று கேட்டாள். நான் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். அவள் மறுபடியும் கூப்பிடவில்லை. புத்தி சொல்கிற கடிதத்தில் ஏதாவது புத்தி இருக்க வேண்டும் என்றால் இதை எடுத்துக்கொள்: பதில் தெரிந்துகொண்டுதான் சில பெண்கள் கேட்கிறார்கள். உன் அம்மாவோடு இத்தனை வருஷம் இருந்து நான் கற்றது அது ஒன்றுதான்.

நேற்று சாமுவேலைப் பார்த்துவிட்டு வந்தேன். மணிக்கட்டுக்குள் தகடு வைத்து முடுக்கியிருக்கிறார்கள். ஸ்பூன் பிடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தவிலைப் பற்றி அவன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான். ‘கண்ணாலத்துக்கு வேற தவில் சொல்லியாச்சுங்களாப்பா?’ என்று கேட்டான். கிண்டல் இருக்கிறதா என்று முகத்தில் தேடினேன். இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொல்லப்போகிறேன் என்றேன். எங்க அண்ணனை நீங்க காட்டிக் குடுப்பீங்களா என்றாள். ஆமாம் என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். அண்ணன் என்றால் அவளுக்கு எப்படி என்று உனக்குத் தெரியும். அவள் அழவில்லை. சொன்னாள்: ‘அன்னைக்கு ஆஸ்பத்திரீல அந்தப் பையனோட அம்மா எனக்கு டீ வாங்கிட்டு வந்து குடுத்தாங்க. உங்க பையனுக்கும் அடிங்களா, அழுவாதீங்கன்னாங்க. ஆரு அடிச்சதுன்னு எனக்குத் தெரியும், அவுங்களுக்குத் தெரியாது. அந்த டீய நான் குடிச்சுப்போட்டனுங்க.’ அவ்வளவுதான் சொன்னாள். போங்க என்றும் சொல்லவில்லை, போகாதீங்க என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் மாமன் கொண்டுவந்த இனிப்புப் பெட்டியை எடுத்து வந்து, பிரிக்காமல் அப்படியே குப்பைக் கூடையில் போட்டாள். கூடை சின்னது. மூடி மூடவில்லை.

சீர் இல்லாமல் கல்யாணம் நடக்குமா என்று தெரியவில்லை. நடக்காமல் போனாலும் போகட்டும். உன்னை நான் கோழை என்று நினைக்கவில்லை. கம்பிக்குக் குறுக்கே பாய்ந்தவனை எப்படி அப்படி நினைப்பது? கம்பி முன்னால் பயப்படாத நீ, கூப்பிய கைக்கு முன்னால் பயந்துவிட்டாய். நம் பக்கத்தில் கம்பியைவிட மரியாதைக்குத்தான் அதிகம் பேர் அடிபட்டிருக்கிறார்கள். இனிமேலும் நீ தெருவில் வாசி. நான் வந்து தூண் ஓரமாக நிற்கிறேன். ஆனால் அதற்கு உன் பக்கத்தில் நின்று வாசிக்க ஒரு ஆள் வர வேண்டும். நீ பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொன்னால், எந்த ஆள் வந்து நிற்பான்?

நாளைக் காலை போகிறேன். கெட்டிமேளம் நின்றதையும், எந்த ஊர் என்று கேட்டதையும், காலனி என்றதையும், தெரியுது அம்மணி என்றதையும், அதற்குப் பிறகு கம்பி எழுந்ததையும் அதே வரிசையில் சொல்லப்போகிறேன். எழுதிக்கொள்கிறவர் கடைசியில், இதை வேறு யார் பார்த்தது என்று கேட்பார். கேட்காமல் விட மாட்டார்கள், அது அவர்கள் வேலை. உன் பெயரைச் சொல்வேன், கண்ணு. இனிஷியலோடு சேர்த்துச் சொல்வேன். அது என் பெயரின் எழுத்து.

அப்பா